வயர்லெஸ் டோர் சென்சார் எது வாங்கலாம்? பேட்டரி செத்தா பேனலுக்குத் தெரியுமான்னு பாத்து வாங்குங்க

நீங்க கேட்டது இதுதான்: கோயம்புத்தூர் பக்கத்துல தனி வீடு, அப்பா அம்மா மட்டும் இருக்காங்க, வருஷத்துல ரெண்டு மூணு மாசம் அவங்களும் கிளம்பி உங்ககிட்ட பெங்களூர் வந்துடுவாங்க, அப்ப வீடு பூட்டியே கிடக்கும். முன்னாடி தேக்குல ரெட்டைக் கதவு, அதுக்கு வெளிய கிரில் கேட், பின்னாடி ஒரு கதவு, மொட்டை மாடிக்கு இரும்புக் கதவு, கீழயும் மேலயும் சேத்து ஜன்னல் 11, எல்லாத்துலயும் இரும்புக் கம்பி. ஆன்லைன்ல 300 ரூபாய்க்கும் டோர் சென்சார் இருக்கு 4000 ரூபாய்க்கும் இருக்கு, நடுவுல வைஃபை ஜிக்பீன்னு வேற ரெண்டு, எல்லாமே கதவு திறந்தா சொல்லுது, அப்புறம் எதுக்கு இவ்ளோ விலை வித்தியாசம், எதை வாங்கறதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் உங்க கவலை வேற. வீட்ல யாருமே இல்லாத ராத்திரில அந்த சென்சார் வேலை செய்யுமா, ஒருவேளை அது செத்துக் கிடந்தா அது செத்துடுச்சுங்கறது முன்னாடியே உங்களுக்குத் தெரிய வருமா? இதை வச்சுத்தான் நாலையும் பிரிக்கணும். நான் இந்த அலாரம் மாட்டற வேலைல கோவை திருப்பூர் ஏரியாவுல ரொம்ப வருஷமா இருக்கேன், அதுல பாத்ததை வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். நீங்க சொன்ன நாலுலயும் கதவு திறந்ததைக் கண்டுபிடிக்கிற பாகம் கிட்டத்தட்ட ஒண்ணேதான், ரீட் ஸ்விட்ச். சின்ன கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிசான இரும்புத் தகடு எதிரெதிரா நிக்கும், காந்தம் கிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிக்கும், தள்ளிப் போனா பிரிஞ்சுடும், அவ்வளவுதான். 1936ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல எல்வுட்னு ஒருத்தர் உருவாக்கினது, இன்னைக்கு வரைக்கும் அதேதான் ஓடுது. காத்து புகாத குழாய்க்குள்ள இருக்கறதால துருப்பிடிக்காது, லட்சக்கணக்கான தடவை ஒட்டிப் பிரியும். சில மாடல்ல ரீடுக்கு பதிலா காந்தத்தை உணர்ற ஹால் சென்சார்னு ஒரு சிப் இருக்கும், ஆனா காந்தம் பக்கத்துல இருக்கா இல்லையான்னு பாக்கற வேலை மாறல. அதனால "எங்க சென்சார் துல்லியமா கண்டுபிடிக்கும்"னு எந்த கடைக்காரர் சொன்னாலும் அதுக்காக கூடுதல் காசு குடுக்காதீங்க. விலை வித்தியாசம் எல்லாம், கண்டுபிடிச்சதை அது பேனலுக்கு, அதாவது சென்சார் சொல்றதைக் கேட்டு சைரனை அடிக்கற மெயின் பெட்டிக்கு, எப்படி சொல்லுதுங்கறதுல இருக்கு.

300 ரூபாய் சென்சார்ல ஆரம்பிக்கலாம். அது 433 மெகாஹெர்ட்ஸ்ல ஓடறது, உள்ள பெரும்பாலும் ஈவி 1527ன்னு ஒரு சிப், இல்ல அதோட குடும்பத்துல ஒண்ணு இருக்கும். அந்த சிப் அனுப்பறது மொத்தம் 24 பிட், அதுல 20 பிட் சென்சாரோட ஐடி, 4 பிட் தான் செய்தி. அந்த ஐடி மாறவே மாறாது, மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பற என்கிரிப்ஷனும் கிடையாது. கதவு திறந்ததும் அதே கோடை பல தடவை திருப்பித் திருப்பி அனுப்பிட்டு தூங்கிடும், பேனல்ல இருந்து பதில் வந்துச்சான்னு பாக்கறதுக்கு அதுல ரிசீவரே கிடையாது. சாதா தபால்ல கார்டு போடறதுக்கும், முன்னாடி அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வச்சு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுக்கும் விலை கூடின சென்சாருக்கும். போய்ச் சேந்தா சேந்தது, இல்லன்னா யாருக்கும் தெரியாது. நிறைய மாடல் திறந்ததை மட்டும்தான் சொல்லும், மூடினதை சொல்லாது, அதனால அலாரம் ஆன் பண்றப்ப பின் கதவு திறந்து கிடக்கான்னு பேனலால சொல்ல முடியாது. உயிரோட இருக்கேன்னு அப்பப்ப தகவல் அனுப்பற வேலையும் பெரும்பாலும் இருக்காது. அப்ப பேட்டரி செத்துப்போன சென்சாரும் ஒழுங்கா மூடியிருக்கற கதவும் பேனலுக்கு ஒரே மாதிரிதான், ரெண்டுலயும் சத்தம் வராது.

இந்த 433 சென்சாரோட கோடை ஒரு சின்ன ரிசீவர் வச்சு பிடிச்சுத் திருப்பி அனுப்பலாம், ரேடியோ இரைச்சல் போட்டு அமுக்கலாம்னு வீடியோல எல்லாம் பாத்திருப்பீங்க. முடியும்ங்கறது உண்மை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல திருட வர்றவன் அதையெல்லாம் தூக்கிட்டு வர்றானான்னா, நான் போய்ப் பாத்த வீடுகள்ல பூட்டை உடைச்சு, இல்ல கதவை கடப்பாரை போட்டு நெம்பித்தான் உள்ள போயிருக்காங்க. அதனால ஹேக்கிங் பயத்துல காசு செலவு பண்ண வேணாம். பேட்டரி செத்தது தெரியாம ஆறு மாசம் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கற சென்சார், அதுக்குத்தான் பயப்படணும், அது நான் அடிக்கடி பாக்கறது. கேட் ரிமோட், கார் சாவி, காலிங் பெல்னு பக்கத்து வீட்டு சாமான் நிறைய இதே 433.92ல பேசறதால அந்த நேரம் பாத்து சிக்னல் மோதிப் போறதும் நடக்கும்.

அடுத்தது வைஃபை. இதை வாங்கத்தான் எல்லாருக்கும் ஆசை, ஏன்னா ஹப்னு தனியா ஒரு நடுப் பெட்டி வேணாம், நேரா ரவுட்டர்ல சேத்து மொபைல்ல பாத்துக்கலாம். ஆனா அலாரத்துக்கு இது சரிப்படாதுங்கறது என் உறுதியான கருத்து. பேட்டரி மிச்சம் பிடிக்க இது எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கும், கதவு திறந்தா எழுந்து, ரவுட்டரைத் தேடி, கனெக்ட் ஆகி, கம்பெனியோட சர்வருக்கு அனுப்பி, அங்க இருந்து உங்க ஃபோனுக்கு வரணும், எல்லாம் ஒழுங்கா நடந்தா சில செகண்ட். கரண்ட் போச்சுன்னா ரவுட்டர் போச்சு, ஃபைபர் பாக்ஸ் போச்சு, அந்த நிமிஷத்துல இருந்து வீட்ல இருக்கற அத்தனை வைஃபை சென்சாரும் ஊமை. வீட்டுக்கு வெளிய மீட்டர் பாக்ஸ்ல மெயினை இறக்கறதுக்கு ஒருத்தனுக்கு எந்த திறமையும் வேணாம். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வச்சா இந்தக் குறை பாதி தீரும், ஆனாலும் இன்டர்நெட் இல்லாம வீட்டுக்குள்ள சைரன் அடிக்க வைக்கறது இதுல பெரும்பாலும் நடக்காது. இதுக்கு நல்ல உபயோகம் வேற இருக்கு. காலைல அம்மா பின் கதவைத் திறந்துட்டாங்களா, ராத்திரி 11 மணிக்கும் முன் கதவு திறந்தே இருக்கான்னு நீங்க பெங்களூர்ல இருந்து பாத்துக்க இது போதும்.

ஜிக்பீ, அதாவது ஒரு ஹப்பை வச்சு சின்ன சாமான்கள் குறைஞ்ச பேட்டரில பேசிக்கற ரேடியோ முறை, வைஃபையைவிட எவ்வளவோ மேல். அகாரா, சோனாஃப்னு நிறைய பேர் பண்றாங்க. இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனா ஏஇஎஸ் 128 என்கிரிப்ஷன் இருக்கு, அனுப்பினது போய் சேந்துச்சான்னு பதில் வாங்கும், வரலைன்னா திரும்ப அனுப்பும், ஹப் வீட்டுக்குள்ளேயே இருக்கறதால நெட் இல்லாட்டியும் சைரனை அடிக்க வைக்கலாம். குறை என்னன்னா, உயிரோட இருக்கேன்னு சொல்ற இடைவெளி பல மாடல்ல ஒரு மணி நேரம் பக்கம், அதனால சென்சார் போயிடுச்சுன்னு ஹப் முடிவு பண்ண ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம். இன்னொண்ணு நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல், இதை யூடியூப்ல யாரும் சொல்ல மாட்டாங்க. ஜிக்பீல தூரத்துல இருக்கற சென்சார் நடுவுல இருக்கற ஸ்மார்ட் பிளக் வழியா ஹப்போட பேசும், மெஷ்னு பெருமையா சொல்வாங்க. கரண்ட் போனா அந்த பிளக் செத்துடும், ஹப்புக்கு யுபிஎஸ் இருந்தாக்கூட மாடில இருக்கற சென்சார் பேச வழி இல்லாம நிக்கும், பழைய மாடல் சிலது வேற பாதை தேடிப் போறதுல ரொம்ப மந்தம். அதனால ஜிக்பீ வாங்கினா ஒவ்வொரு கதவு சென்சாரும் ஹப்போட நேரா பேசற மாதிரி ஹப்பை வீட்டு நடுவுல வைங்க, பிளக்கை நம்பாதீங்க. வைஃபை ரவுட்டர் 1, 6, 11னு எந்த சேனல்ல இருக்குன்னு பாத்து ஜிக்பீயை 25 மாதிரி மேல இருக்கற சேனலுக்கு மாத்திட்டா இரைச்சல் குறையும், இதை ஆரம்பத்துலயே பண்ணிடுங்க, அப்புறம் மாத்தினா சில சென்சாரை திரும்ப சேக்க வேண்டி வரும்.

நாலாவது, அலாரத்துக்குன்னே செய்யற டூ-வே சென்சார், அதாவது பேனலுக்கு சொல்லவும் செய்யும், பேனல் சொல்றதைக் கேக்கவும் செய்யும். அஜாக்ஸ், ஹிக்விஷனோட ஏஎக்ஸ் ப்ரோ, விசோனிக்கோட பவர்ஜின்னு பல குடும்பம். 4000 ரூபாய் ஏன்ங்கறதுக்கு பதில் இங்கதான் இருக்கு. சென்சாரும் பேனலும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, சிலதுல ஒரு நிமிஷத்துக்கும் முன்னாடியே, ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கும். அஜாக்ஸ்ல அந்த இடைவெளியை 12 செகண்டுல இருந்து 300 செகண்ட் வரைக்கும் நாமளே வைக்கலாம், கம்பெனில இருந்து வர்றப்ப 36 செகண்ட்ல இருக்கும். தொடர்ந்து சில தடவை பதில் வரலைன்னா சென்சார் காணோம்னு ஃபோனுக்கு வந்துடும். யாராவது மூடியைத் திறந்தாலோ சுவத்துல இருந்து பிடுங்கினாலோ டேம்பர் அலாரம் வரும். ரேடியோவை அமுக்கினா ஜாமிங்னு சொல்லும், பவர்ஜி மாதிரி சிலது அலைவரிசையை மாத்தி மாத்தி தாவிக்கிட்டே பேசும். பேனலுக்குள்ளேயே பேட்டரி இருக்கும், பல மாடல்ல சிம்மும் போடலாம், அப்ப கரண்ட்டும் நெட்டும் ஒண்ணா போனாலும் வேலை ஓடும். ஐரோப்பால ஈஎன் 50131னு ஒரு தரம் இருக்கு, கிரேடு 1ல இருந்து 4 வரைக்கும், வீட்டுக்கு கிரேடு 2 எழுதியிருந்தா போதும். பெட்டில அந்த வரி இருக்கான்னு பாருங்க, "மிலிட்டரி கிரேடு"ன்னு எழுதியிருந்தா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா வேணாம்னுடுங்க. அமெரிக்கால பழைய அலாரம் சென்சார் நிறைய 345, 319.5 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், இங்க உள்ள பேனல் அதைக் கேக்கவே கேக்காது. ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் அங்க 908, ஐரோப்பால 868, இந்தியாவுல 865 மெகாஹெர்ட்ஸ், பெட்டி ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பேசாது. நம்ம நாட்டுல 865ல இருந்து 867 வரைக்கும் 2005லயே லைசென்ஸ் இல்லாம யூஸ் பண்ண விட்டாங்க, 2021ல அது 868 வரைக்கும் நீண்டுச்சு. அதனால இந்தியாவுக்குன்னு வர்ற மாடலா, இங்க பில்லோட வாங்குங்க.

இனி உங்க வீட்டுக்கு வர்றேன், ஏன்னா 4000 ரூபாய் சென்சாரையும் தப்பா ஒட்டினா 300 ரூபாய் சென்சார் ஆயிடும். பெட்டில 20 மிமீ இடைவெளி வரைக்கும் ஓடும்னு போட்டிருந்தா அது மரக் கதவுக்கு, அதுவும் காந்தம் நேருக்கு நேரா இருந்தா. தேக்குக் கதவு ஐப்பசி கார்த்திகை மழைல ஊறி இறுகிடும், சித்திரைல காஞ்சு இடைவெளி விட்டுடும், காத்துல கொஞ்சம் ஆடும். 20 மிமீ சென்சாரை 18ல ஒட்டினீங்கன்னா கோடைல நடுராத்திரி சும்மா அடிக்க ஆரம்பிக்கும், ரெண்டு தடவை அப்படி அடிச்சா அப்பா அலாரத்தையே ஆஃப் பண்ணி வச்சுடுவார். பாதி தூரத்துக்குள்ள, 5ல இருந்து 8 மிமீக்குள்ள வர்ற மாதிரி ஒட்டுங்க. தேக்கு நிலைல பூ வேலைப்பாடு இருந்தா மட்டம் வராது, பலகைத் துண்டு வச்சு சமப்படுத்திட்டு ஒட்டணும். ரெட்டைக் கதவுல எந்தக் கதவு முதல்ல திறக்குமோ அதுல, கீல் இருக்கற பக்கம் இல்லாம திறக்கற ஓரத்துல, மேல வைங்க, சென்சார் நிலைல, காந்தம் கதவுல.

மொட்டை மாடி இரும்புக் கதவுதான் தொல்லை. இரும்பு காந்தத்தோட சக்தியை இழுத்துக்கும், 20 மிமீ பாதியா குறையும், சென்சாரை இரும்பு மேலயே ஒட்டினா உள்ள இருக்கற ஆன்டெனாவும் மந்தமாயிடும். அதனால சென்சாரை பக்கத்து சுவத்துல வைங்க, காந்தத்தை மட்டும் கதவுல, அதுக்கு அடில ஒரு பிளாஸ்டிக் இல்ல மரத்துண்டு வச்சு. அந்தக் கதவு வெயில்ல கொதிக்கும், டபுள் சைடு டேப் எந்த கம்பெனியோடதா இருந்தாலும் நம்ப வேணாம், ஸ்க்ரூ போடுங்க. கிரில் கேட்டுக்கு இந்த சின்ன பிளாஸ்டிக் சென்சார் சரிவராது, ஷட்டருக்குப் போடற மெட்டல் பாடி ரீட் காண்டாக்ட் தனியா கிடைக்கும், அதை கேட்டுல ஸ்க்ரூ பண்ணி வயரை உள்ள இழுத்து, வெளி காண்டாக்ட் சேக்க டெர்மினல் இருக்கற வயர்லெஸ் சென்சார்ல குடுக்கணும். எல்லா மாடல்லயும் அந்த டெர்மினல் இருக்காது, கேட்டு வாங்குங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, ஏன்னா டோர் சென்சார் கதவு திறந்த பிறகுதான் பேசும், கிரில் கேட்லயே பிடிச்சுட்டா ஆள் இன்னும் வீட்டுக்கு வெளியதான் நிக்கறான்.

ஜன்னல் 11க்கும் சென்சார் வேணுமான்னா, வேணாம். உங்க ஜன்னல்ல எல்லாம் இரும்புக் கம்பி இருக்குன்னு சொல்லியிருக்கீங்க, காத்துக்காக திறந்துதான் வச்சிருப்பாங்க, திறந்த ஜன்னலை பேனல்ல பைபாஸ் பண்ணிட்டு, அதாவது அதைக் கணக்குல எடுக்காம விட்டுட்டுத்தான் ஆன் பண்ண முடியும், ஒரு மாசத்துல அத்தனையும் நிரந்தரமா பைபாஸ்ல கிடக்கும். கம்பியை அறுத்தாலோ கண்ணாடியை உடைச்சுக் கையை விட்டாலோ இந்த சென்சாருக்கு ஒண்ணும் தெரியாது, ஜன்னல் சட்டம் நகந்தாதான் தெரியும். கம்பி இல்லாத ஜன்னல், ஆள் நுழையற அளவு வென்டிலேட்டர், சன்ஷேட்ல இருந்து எட்டற மாடி ஜன்னல், இது இருந்தா அதுக்கு மட்டும் போடுங்க. மிச்சக் காசுக்கு ஹால்ல ஒண்ணு, மாடிப்படில ஒண்ணுன்னு மோஷன் சென்சார் வாங்குங்க, எந்த வழில வந்தாலும் அந்த ரெண்டு இடத்தைத் தாண்டித்தான் போகணும். வீட்ல ஆள் இருக்கறப்ப மோஷனை விட்டுட்டு கதவுகளை மட்டும் ஆன் பண்ற ஸ்டே மோடு பெரும்பாலான பேனல்ல இருக்கு, அப்பா அம்மாவுக்கு அது ஒண்ணை மட்டும் பழக்கி விடுங்க.

பேட்டரி பத்தி கம்பெனி சொல்ற வருஷக் கணக்கை நான் முழுசா நம்பறதில்ல, அது ஒரு நாளைக்கு சில தடவை திறக்கற கதவுக்கு, மிதமான வெப்பத்துல போட்ட கணக்கு. பால், பேப்பர், காய்கறி, பக்கத்து வீட்டு அக்கான்னு நாள் முழுக்க திறக்கற முன் கதவுக்கு அது பொருந்தாது. சிஆர் 2032 பட்டன் பேட்டரில சுமார் 220 மில்லி ஆம்ப் ஹவர்தான் இருக்கு, சிஆர் 123ஏல 1500 பக்கம் இருக்கு, அதனால முன் கதவுக்கு பெரிய பேட்டரி போடற மாடலா பாருங்க. இந்த 123ஏ தெருமுனை கடைல கிடைக்காது, கேமரா கடைல இல்ல ஆன்லைன்ல கூட ரெண்டு வாங்கி வச்சுக்கணும். அதே சைஸ்ல ரீசார்ஜபிள் வரும், அதுல பல 3.7 வோல்ட், சென்சார் 3 வோல்ட்டுக்கு செஞ்சது, அதைப் போடாதீங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கறப்ப ஒவ்வொரு கதவா திறந்து மூடி பேனல்ல வருதான்னு பாத்துடச் சொல்லுங்க.

நான் நேர்ல பாக்காம சொல்ல முடியாத ஒண்ணு ரேஞ்ச். பெட்டில 1000 மீட்டர்னு போட்டாலும் அது வெட்டவெளில, நடுவுல உங்க கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் எவ்வளவு குடிக்கும்ங்கறது வீட்டுக்கு வீடு மாறும். பொதுவா ஒரே சுவருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 433லயும் 865லயும் நல்லா ஊடுருவும், அது இயற்பியல், ஆனா உங்க மாடிக் கதவு எட்டுமாங்கறதை ஓட்டிப் பாத்துத்தான் சொல்லணும்.

உங்க இடத்துல நான் இருந்தா, வீடு மாசக்கணக்குல பூட்டிக் கிடக்கறதால டூ-வே பேனல் ஒண்ணு, முன் கதவு, பின் கதவு, மாடிக் கதவுக்கு அதோட சென்சார், கிரில் கேட்டுக்கு மெட்டல் காண்டாக்ட், ரெண்டு மோஷன், வெளிய ஒரு சைரன், இதோட நிறுத்துவேன். ஜன்னல் 11ஐ விட்டதுல மிச்சமாகற பணம் இதுக்குக் கொஞ்சம் கை குடுக்கும். பட்ஜெட் இடிச்சா ஜிக்பீ ஹப்புக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் போட்டு ஆரம்பிக்கலாம், தப்பில்ல, அது தாமதமாத்தான் சொல்லும்ங்கறதை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. சிம் போடற பேனல் வாங்கினா 4ஜியான்னு பாருங்க, பழைய 2ஜி பேனல்ல ஜியோ சிம் வேலை செய்யவே செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. மாட்டி முடிச்சு ஆளுக்கு பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணுங்க. மெயினை இறக்கிட்டு ஒவ்வொரு கதவா திறந்து பாருங்க, சைரன் அடிக்கணும், உங்க ஃபோனுக்கும் வரணும். அப்புறம் ஒரு சென்சாரோட பேட்டரியைக் கழட்டி மேஜைல வச்சுட்டு மணியைப் பாருங்க. பத்து நிமிஷத்துக்குள்ள சென்சார் காணோம்னு தகவல் வந்தா பணத்தைக் குடுக்கலாம், மறுநாள் வரைக்கும் பேனல் எல்லாம் சரியா இருக்குன்னே காட்டிக்கிட்டு இருந்தா கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க.